சித்தப்பாவின் நான்கு நிமிடம்

கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் இருக்கும் என் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைத் தவிர வேறு வேலை இருக்காது. அப்படி ஒரு ஜனவரியில்தான் சித்தப்பாவின் முதுகில் டார்ச்சைக் கட்டினேன்.

அவருக்குப் பூம்பாறையில் பூண்டுத் தோட்டம், அடுக்கடுக்காக ஏறும் நிலம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. "அது காட்டுமாட்டுக்குத் தெரியுமாடா?" என்பார். பக்கத்துத் தோட்டத்துக் கேரட்டுக்கு வருகிற மாடு இவருடைய பூண்டை மிதித்துவிட்டுப் போகும். அதனால் தினமும் ராத்திரி டார்ச்சோடு ஒரு சுற்று போய்விட்டுத்தான் படுப்பார். எதிர்ச் சரிவில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் ஆள் தெரியாது, ஒரு வெளிச்சம் மட்டும் அடுக்கு அடுக்காக ஏறிக்கொண்டிருக்கும். நான் படம் எடுக்க நினைத்தது அதைத்தான்.

காமிராவை ட்ரைபாடில் வைத்து, பி என்ற இடத்துக்குத் திருப்பி, ஷட்டரைத் திறந்து விட்டுவிட வேண்டியதுதான். பி என்றால் பல்ப். எரிகிற பல்பு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பழைய பஸ் ஆரனில் ரப்பர் உருண்டை இருக்குமே, அந்த மாதிரி ஒன்று அந்தக் காலத்துக் காமிராவில் குழாயோடு தொங்கும். அதை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை காற்றழுத்தத்தில் ஷட்டர் திறந்தே இருக்கும். உருண்டை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

கணக்கு எனக்குப் பிடிபடத்தான் நாளானது. நேரத்தைக் கூட்டினால் எல்லாமே வெளிச்சமாகும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நேரம் கூடக் கூட, அசையாமல் கிடக்கும் மலை, வீடு, வானம் இவைதான் வெளுக்கும். நகரும் டார்ச்சின் கோடு எவ்வளவு தடிமனாக வரும் என்பது அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் காமிரா எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பது), அப்புறம் டார்ச் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதைப் பொறுத்தது. வேகமாகப் போனால் மெல்லிய இழை. நின்றால் அந்த இடத்தில் ஒரு பொட்டு வீங்கிவிடும். டார்ச்சைப் பிடித்திருக்கும் ஆள் மேல் வெளிச்சம் படாமல், அவர் நகர்ந்துகொண்டே இருந்தால் படத்தில் அவர் இருக்கவே மாட்டார்.

ஏறும்போது அவர் முதுகுதான் என் பக்கம் இருக்கும். அதனால் டார்ச்சின் முகம் எனக்குத் தெரியும்படி இடுப்பில் துண்டை வைத்துக் கட்டினேன். வழி பார்க்க அரை நிலா இருந்தது. "வால் முளைச்ச மாதிரி இருக்கு. ஊர்க்காரன் எவனாவது பார்த்தா என்னடா சொல்லுவான்?" என்றார். சித்தி உள்ளே இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது, நல்லவேளை அவருக்குக் கேட்கவில்லை.

இருட்டில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கீழே நின்ற சித்தப்பாவின் டார்ச்சையே குறிபார்த்து ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றினேன். அபர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, நான்கு நிமிடம். முதல் படத்தில் லென்ஸ் மேல் பனி கோத்து எல்லாம் பால். அதற்கு ஒரு பழைய சாக்ஸில் சூடான மணலைக் கட்டி லென்ஸைச் சுற்றி வைத்தேன். இரண்டாவதில் சித்தப்பா பாதி வழியில் திரும்பி நின்று "முடிஞ்சுதா?" என்று கத்தினார். வால் மறைந்து கோடு அறுந்துபோனது. மூன்றாவதில் பேட்டரி படுத்துவிட்டது. குளிரில் அது அப்படித்தான், இன்னொன்றை எப்போதும் சட்டைப்பைச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். நாய்ஸ், அதாவது படத்தில் விழும் புள்ளிகளை, குறைக்கும் வசதியைப் போட்டிருந்ததால், ஒவ்வொரு நான்கு நிமிடத்துக்குப் பிறகும் காமிரா ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு நான்கு நிமிடம் வெறும் இருட்டைப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து கழித்துக்கொண்டிருந்தது. அதற்குள் சித்தப்பா இரண்டு பீடி முடித்துவிடுவார்.

இதை எழுதும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். இரும்பு நாரைக் கொளுத்திச் சுழற்றிப் பொறி பறக்கவிடும் படங்களைப் பார்த்துவிட்டு யாரும் அதை மலையில் செய்யாதீர்கள். பிப்ரவரி தாண்டினால் இங்கே புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். மத்தாப்புக்கும் இதேதான்.

இப்படி வெளிச்சத்தை நகர்த்திக் கோடு வரையும் லைட் பெயிண்டிங் பற்றிப் பேசுகிறவர்கள் பிக்காசோவில் ஆரம்பிப்பார்கள். 1949-இல் அவர் சின்ன விளக்கைப் பிடித்துக் காற்றில் வரைந்ததைப் புகைப்படக்காரர் ஜோன் மிலி எடுத்தார். அழகுதான். எனக்குப் பிடித்தது அதற்கு 60 வருடம் முந்தையது. பாரிஸில் உடலின் அசைவுகளை ஆராய்ந்த விஞ்ஞானி எட்டியென் ஜூல் மாரேயிடம் உதவியாளராக இருந்த ஜார்ஜ் தெமெனி, 1889-இல் ஓர் ஆளின் மூட்டுகளில் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டி நடக்கவிட்டு எடுத்தது. ஆள் இல்லை, நடை மட்டும் கோடுகளாக நெளியும். நோயுள்ள நடையை ஆராய எடுத்த படம் அது.

அது ஞாபகம் வந்தது நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான். நான்கு நிமிடத்தில் பூமி 1 டிகிரி திரும்பியிருந்ததால் மேலே நட்சத்திரங்கள் குட்டிக் குட்டிக் கீறல்களாக இருந்தன. அடியில் சித்தப்பாவின் கோடு. நேராக இல்லை, அலை அலையாக, ஒவ்வொரு அலையும் வலப்பக்கம் கொஞ்சம் தொய்ந்து எழுந்தது. அடுக்கு மாறும் இடங்களில் எல்லாம் தடித்த பொட்டுகள்.

மறுநாள் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தப்பாவுக்குப் பிடித்திருந்தது. சித்திதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் பொட்டுகளை எண்ணினார்.

"ஏழு இடத்துல நின்னிருக்கீங்க. முட்டி வலி போயிருச்சுன்னீங்க?"

"மாடு நிக்குதான்னு பார்த்தேன்."

"ஏழு இடத்துலயுமா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.