தேடித் தருவதும் ஒரு தொழில்தான்

நூலக அறிவியல் படிக்கும் மாணவர்களுடன் பேசும்போதெல்லாம், எந்த நூலகத்தில் பணியிடம் காலியாகும் என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. அக்கேள்வியில் தவறில்லை. ஆனால், கற்ற கலையைக் கொண்டு, கேட்பவருக்குத் தகவல் தேடித் தரும் தொழிலைச் சொந்தமாக நடத்தலாம் என்பதை அவர்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இது புதிய வழியும் அன்று. நூலகவியலில் பட்டம் பெற்ற யூஜின் கார்ஃபீல்டு, ஆய்விதழ்களின் பொருளடக்கப் பக்கங்களைத் தொகுத்து விற்றவர். அவருடைய நிறுவனம்தான் எந்த ஆய்வுக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று காட்டும் ‘அறிவியல் மேற்கோள் அடைவை’ 1964-இல் வெளியிட்டது. தனித்து இயங்கும் தகவல் வல்லுநர்களுக்கென்றே 1987 முதல் ஒரு சங்கம் இயங்கி வருகிறது.

தேடுபொறியில் எல்லாம் கிடைக்கும்போது யார் பணம் தருவார்கள் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். சிறு உற்பத்தியாளர் ஒருவர், பாட்டில் மூடிகளைப் பற்றிய தகவல்கள் எல்லாம் வேண்டும் என்று கேட்கிறார். எதற்காக, எந்த நாட்டுச் சந்தைக்காக, எப்போதைக்குள் என்று உசாத்துணைப் பணியில், அதாவது வாசகரின் கேள்விக்கு விடை தேடித் தரும் நூலகப் பணியில், பழகியவர் பொறுமையாக விசாரித்தால், ஒரு குறிப்பிட்ட வகை மூடியின் காப்புரிமை (கண்டுபிடிப்புக்குத் தரப்படும் தனியுரிமை) இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதே அந்த உற்பத்தியாளரின் உண்மையான கேள்வி என்று தெரியவரும். சொல்லை மட்டும் நம்பித் தேடினால், ‘மூடி’ என்று எழுதாமல் ‘அடைப்புச் சாதனம்’ என்று எழுதிய ஆவணம் கண்ணில் படாது. காப்புரிமை ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாட்டில் கொள்கலன்களுக்குரிய பி65டி (B65D) பிரிவைத் திறந்து, அதில் மூடிகளுக்குரிய 41ஆம் தொகுதிக்குள் தேடுபவருக்கு, ஆவணம் எந்தச் சொல்லில் இருந்தாலும் கிடைக்க வாய்ப்புண்டு. வகைப்பாட்டு எண்களோடு பழகிய மாணவருக்கு இது அந்நியமான வேலையே அன்று. விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள் என்ற காலவரம்பு முடிந்துவிட்டதா, புதுப்பிப்புக் கட்டணம் கட்டப்படாமல் உரிமை இடையிலேயே காலாவதியாகிவிட்டதா என்பதையும் பதிவேட்டில் சரிபார்த்து, இரண்டு பக்க அறிக்கையாகக் கொடுத்தால், அவர் மகிழ்ச்சியோடு கட்டணம் செலுத்துவார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் நான்காம் விதிக்கு இதைவிட நேரடியான பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

எங்கெங்கே, எந்தெந்தச் சொற்களால், எந்த நாளில் தேடினோம் என்பதை அறிக்கையில் எழுதிவைப்பது மிகவும் முக்கியம். அந்தக் குறிப்பு இருந்தால், ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்ற பதிலுக்குக்கூட மதிப்பு உண்டு. அது இல்லையென்றால், கிடைத்ததையும் நம்ப முடியாது.

வேறு வாய்ப்புகளும் உள்ளன. 2000-இல் நியூசிலாந்து நூலகம் ஒன்றில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் இலவசம்தான். ஆனாலும் அதை நிறுவவும், பழைய பட்டியல் பதிவுகளைப் பிழையின்றி மாற்றவும், ஊழியர்களுக்குப் பயிற்சி தரவும் ஆள் வேண்டும். பதிப்பகங்களுக்கு, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் இறுதியில் காட்டும் சொல்லடைவு தயாரிப்பதும், நிறுவனங்களின் பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்திக் கணினிக் கோப்புகளாக மாற்றுவதும் தனித்தனித் தொழில்களாகவே வளரக்கூடியவை.

தொடங்கும் முன்பே எல்லைகளை எழுத்தில் வரையறுத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை மீறலா என்ற சட்டக் கருத்தை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். கட்டுரைப் பிரதிகளை அனுப்புவதற்குப் பதிப்புரிமை இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் என்ன தேடினார் என்பது அவருடைய போட்டியாளரின் காதுக்கு ஒருபோதும் போகக்கூடாது.