ஈயம் ஊற்றும் நாட்கள்: அந்தாக்யா நாட்குறிப்பு

மார்ச் 4, 2024

அந்தாக்யா இருக்கும் தெற்குத் துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அன்று ஒன்பது மணி நேர இடைவெளியில் 7.8, 7.5 என்று இரண்டு நிலநடுக்க அடி. உதுமானியர் காலத்து மினாராக்கள், அதாவது பள்ளிவாசல் கோபுரங்கள், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முறியும்: சதுரப் பீடம் உருளைத் தண்டாக மாறுகிற இடத்துக்குச் சற்று மேலே. கீழே கனத்து இறுகிய பகுதி, மேலே மெலிந்து ஆடும் தண்டு. 1999 இஸ்மித் நிலநடுக்கத்திலும் இதே கதை. தண்டு குவிமாடத்தின் மேல் சாய்ந்தால் அதுவும் போச்சு.

பழைய கற்களாலேயே மறுபடி கட்ட வேண்டுமானால் இடிபாட்டைப் புல்டோசரால் வாரக்கூடாது. ஒவ்வொரு கல்லின் வளைவையும் கற்களைப் பிணைத்த இரும்பு முளையின் பழைய துளையையும் அளந்தால் அது எந்த வரிசைக் கல் என்று தெரிந்துவிடும். கல்லின் வரிசை எண்ணை முகப்பில் எழுதாமல், பின்பக்கம் எழுத வேண்டும். சுத்தியலால் தட்டினால் நல்ல கல் 'கணீர்' என்னும். உள்ளே விரிசல் இருந்தால் 'பொத்' என்னும்.

மார்ச் 9

சாந்து. இங்கே ஹொராசான் என்கிறார்கள். நம்மூர் சுர்க்கிச் சாந்துக்கு அண்ணன் தம்பி. பல மாதம் ஊறிய சுண்ணாம்பு விழுது 1 பங்கு, செங்கல் தூள் 1, செங்கல் பொடிக்கல்லும் மணலும் சேர்த்து 2. இது தொடக்க அளவுதான். பழைய சாந்தைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நன்றாகச் சுடாத செங்கல்லைத்தான் அரைக்க வேண்டும். அதிகம் வெந்தது சுண்ணாம்போடு சேராது, வெறும் மணல் போலக் கிடக்கும்.

கல்லை முன்பே நனைக்காவிட்டால் அது சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். இணைப்பு மாவாய் உதிரும். பூசியபின் ஈரச் சாக்கு. 5 டிகிரிக்குக் கீழே போனால் வேலை நிறுத்தம்.

முன்பு யாரோ சிமெண்ட் பூசிய பகுதியில் கல்லின் முகம் தகடு தகடாய் உரிந்திருக்கிறது. ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் கல் வழியே போனதன் விளைவு.

மார்ச் 16

இரும்பு இணைப்புகள். பக்கத்துக் கல்லோடு பிணைக்கும் கவ்விக்குக் கெனெத் என்றும், மேல்கல்லைக் கீழ்க்கல்லோடு பிணைக்கும் முளைக்கு ஸிவானா என்றும் பெயர். முளையை முதலில் மேல்கல்லில் பதிக்கிறார்கள்: கல்லைத் தலைகீழாக வைத்து, துளையில் முளையை நிறுத்தி ஈயம் வார்ப்பார்கள். ஆறியதும் கல்லைத் திருப்பி இறக்க, முளை கீழ்க்கல்லின் துளைக்குள் போகும். அந்தத் துளைக்கு வெளியிலிருந்து வெட்டிய சிறு கால்வாய் வழியே மறுபடி ஈயம்.

ஈயம் ஆறும்போது சுருங்கும். கண்ணுக்குத் தெரிகிற கவ்வியின் ஓரத்தில் உளிவைத்துத் தட்டி இறுக்காவிட்டால் தண்ணீர் நுழைந்து இரும்பு துருப்பிடிக்கும். துரு பருத்துக் கல்லைப் பிளக்கும். இப்போது பல இடங்களில் துருப்பிடிக்காத எஃகு போடுகிறார்கள். அப்போதும் ஈயத்தை விடக்கூடாது. மெத்தென்று கொடுத்து வாங்குவது அதுதான். இறுகிய பசை வைத்தால் அடுத்த ஆட்டத்தில் முளையைச் சுற்றிக் கல்தான் உடையும்.

மார்ச் 17

இரவு மழை. ஈயம் 327 டிகிரியில் உருகும். துளையில் ஒரு சொட்டு நீர் இருந்தாலும் ஆவியாகி, உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். எல்லாத் துளையையும் துணியால் ஒற்றி, விளக்குத் தீயால் சூடாக்கிக் காயவைத்தாயிற்று. வார்ப்பு நாளைக்கு.