ஈரக் கொழுந்துக்குக் கழிவு

நாங்கள் கூடிக் கதை சொல்லி ஆடும் பகடை ஆட்டத்தில், இலங்கை மலைநாட்டின் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அதன்மேல் ரயில் ஓடியது. 1921இல் திறந்த நிஜப் பாலத்துக்கு ஒரு கீறலும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தை நடத்திய பண்டாரவளை நண்பர் பூதத்தை ஏவி இரண்டு வளைவுகளை உடைத்திருந்தார். ஞாயிறு ஆட்டத்தை நடத்திய எனக்கு அது தெரியாது. "அந்தப் பாலத்தைக் காக்கத்தானே அண்ணா நான் செத்தேன்!" என்று ஒரு தங்கை மைக்கில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வெளிவந்த காலத்து முறைதான் எங்களுடையதும். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், இழுபறி வந்தால் இருபது பக்கப் பகடை தீர்ப்புச் சொல்லும். நடத்துபவரை மாஸ்டர் என்கிறோம். காமன் கூத்து என்ற எங்கள் நாட்டுக்கூத்துக்கு மாஸ்டர் இருக்கிற மலைநாட்டில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஹட்டன், கொட்டகலை, பண்டாரவளை, கொழும்புக்கு வேலைக்குப் போன இருவர் என்று பதினொரு பேர், நான்கு மாஸ்டர்கள், இணையத்தில் கூடிப் பேசும் டிஸ்கோர்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே உலகம். நடந்ததை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். யாரும் எழுதவில்லை.

மாஸ்டர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. மூன்று மணி நேரம் பூதமாகவும் சத்திரக்காரியாகவும் பேசித் தொண்டை வறண்டிருக்கும். பாத்திரத்தை அடுத்த நிலைக்கு ஏற்றும் அனுபவப் புள்ளிகளோ ஆடியவர்களுக்கு. மாஸ்டரின் சொந்தப் பாத்திரம் அன்றிரவு எங்கோ குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். அதன்பிறகு உட்கார்ந்து எழுது என்றால் யார் எழுதுவார்?

எனவே ஒரு குறிப்புக்கு 100 புள்ளி, அது மாஸ்டரின் பாத்திரத்துக்கு என்று தொடங்கினோம். அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி 300 புள்ளியில் இரண்டாம் நிலைக்கு ஏறலாம். அந்த வாரமே குறிப்புகள் குவிந்தன. ஒன்று இப்படி: "போனார்கள். சண்டை. வென்றார்கள்."

அடுத்து நீளத்துக்கு ஏற்பப் புள்ளி என்றோம். அதைக் கெடுத்தவன் நான். ஹப்புத்தளைச் சந்தையில் நடந்த ஒரு சின்னத் திருட்டைச் சொல்வதற்குள் பனிமூட்டத்துக்கு இரண்டு பத்தி, சவுக்கு மரங்களுக்கு ஒரு பத்தி. கொட்டகலை அக்கா அதன் கீழே ஒரே வரி போட்டார்: "ஈரக் கொழுந்து. இரண்டு கிலோ கழிக்கவும்."

தேயிலைத் தோட்டத்துத் தராசில் ஈரத்துக்கும் சாக்குக்கும் கிலோ கழிப்பார்கள். அந்தக் கழிவின் கோபத்தோடு அம்மா வீடு திரும்பிய மாலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. என் குறிப்பில் இருந்தது உண்மையிலேயே தண்ணீர்தான்.

இப்போதைய விதி அந்த அக்காவுடையது. குறிப்பு எழுதியதும், தோட்டத்தில் அரைநாள் சம்பளத்துக்குச் சொல்வதுபோல, அரைப்பேர், அதாவது 50 புள்ளி. யார் இறந்தார், எது மாறியது, எது முடியாமல் நிற்கிறது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். இன்னொரு மாஸ்டர் அதிலிருந்து ஒரு ஆளையோ கடனையோ உடைந்த கதவையோ தன் ஆட்டத்துக்கு எடுத்தால்தான் மீதி 50 சேர்ந்து முழுப்பேர்.

குறிப்புகள் அப்போதுதான் மாறின. "நிலையத்துப் பெட்டிக்கடைக்காரர் மூன்று மூட்டை உப்பு வாங்கினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை" என்று ஒருமுறை எழுதி வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பண்டாரவளை நண்பரின் ஆட்டத்தில் அந்த உப்பு, ஒரு சுரங்கப்பாதையின் வாயில் கோடாகக் கிடந்தது. உள்ளே இருப்பது வெளியே வராதிருக்க. கேட்டபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. புள்ளி வந்ததைக்கூட மறுநாள்தான் கவனித்தேன்.

நான்காவது மாஸ்டர் மட்டும் எழுத்தென்றால் ஓடுகிறவர். கோயிலடிப் பாறையில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று குரல்பதிவு அனுப்புவார், பாதி காற்றிரைச்சல். நான் தட்டச்சு செய்வேன், புள்ளி ஆளுக்குப் பாதி. அவர் பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

பாலம் இடிந்தது இடிந்ததுதான், ஞாயிற்றுக்கிழமை ஓடியது பேய் ரயில் என்று எல்லோரும் கூடி முடிவு செய்தோம். அந்தக் குறிப்பை நானே எழுதினேன். இன்னும் அரைப்பேர்தான். மீதிக்கு யாராவது அந்த ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.