33 புள்ளிகளும் 19 வளையங்களும்

இந்த ஆண்டு முழுக்க, புதன்கிழமை காலையில் எழுந்ததும் என் மகன் முதலில் வானத்தைத்தான் பார்ப்பான். பகல் 12 மணிக்கு வெயில் இருக்க வேண்டும். பள்ளி மொட்டைமாடியில் 1 மீட்டர் உயரக் கம்பு ஒன்றை நிறுத்தி, வாரம் ஒருமுறை அதன் நிழல் நுனி விழும் இடத்தில் ஒரு புள்ளி வைப்பது அவனுடைய ஏழாம் வகுப்பின் வேலை. அறிவியல், கணக்கு, சமூக அறிவியல், தமிழ் என நான்கு ஆசிரியர்களும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஓராண்டுத் திட்டம் அது. போன சனிக்கிழமை வீட்டாரை அழைத்துப் பிள்ளைகளே எல்லாவற்றையும் விளக்கினார்கள். நானும் என் மாமியாரும் போயிருந்தோம்.

மாடியில் ஏறியதும் தரையில் ஒல்லியான, நீண்ட ஒரு 8 தெரிந்தது. நிழல் நீள்வதும் குறைவதும் எனக்குப் புரிந்தது. ஆனால் எப்போதும் சரியாக 12 மணிக்குத்தானே அளக்கிறார்கள், அது ஏன் பக்கவாட்டில் நகர வேண்டும்? ஒரு பெண்ணிடம் கேட்டேன். கையில் பந்தும் கம்பி வளையமும் வைத்திருந்தாள். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பது ஒரு காரணம். அதன் பாதை வட்டமாக இல்லாதது இன்னொன்று. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு 14.7 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வேகமாக ஓடுகிறது, ஜூலையில் 15.2 கோடிக்கு விலகி மெதுவாகப் போகிறது. அதனால் நவம்பர் தொடக்கத்தில் சூரியன் கடிகாரத்தை 16 நிமிடம் முந்திவிடுகிறது, பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது. "கடிகாரம் காட்டுறது சராசரி, ஆன்ட்டி. கணக்குல சராசரி பாடம் வந்தப்பதான் எங்களுக்கே இது புரிஞ்சுது" என்றாள். நான் சராசரியைத் தேர்வுக்காகப் படித்தவள். அது தினமும் என் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

பக்கத்து மேசையில் சமூக அறிவியல். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் நிழலின் கோணத்தை அளந்து, அது முழு வட்டத்தில் 50இல் ஒரு பங்கு என்று கண்டு, பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட கதை. இவர்களும் நேர் வடக்கே 550 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பள்ளியோடு பேசி, ஒரே நாளில் அளந்திருக்கிறார்கள். கோண வித்தியாசம் 5.2 பாகை, விடை சுமார் 38,100 கிலோமீட்டர். உண்மையில் சுமார் 40,000. விடைக்குக் கீழேயே எங்கே பிசகியிருக்கலாம் என்றும் எழுதி வைத்திருந்தார்கள்: கம்பு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம், நிழலின் நுனி மங்கல்.

அப்புறம் என் மாமியார் ஒரு கேள்வி கேட்டார். "மேகம் மூடின நாள்ல என்னப்பா பண்ணீங்க?" என் மகன் பதில் சொல்லாமல் பாட்டியைக் கைப்பிடித்து அந்த 8இன் ஓரத்துக்குக் கூட்டிப்போனான். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது: சில இடங்களில் நிரம்பிய புள்ளி, சில இடங்களில் வெறும் வளையம். புள்ளி 33, வளையம் 19.

அந்த வளையங்களின் கதை எனக்கு வீட்டிலேயே பாதி தெரியும். ஆசிரியர் தந்த அட்டவணையை வைத்து, அளக்க முடியாத வாரங்களில் நிழல் எங்கே விழும் என்று கணக்கிட்டு 8ஐ முழுசாக்கலாம் என்றது ஒரு கூட்டம். பார்க்காததை எப்படி வைப்பது என்றது இன்னொன்று. என் மகன் இரண்டாவது கூட்டம். அன்று சாயங்காலம் நெருங்கிய நண்பனோடு பேச்சை நிறுத்திவிட்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அதைத் தீர்த்து வைத்தவர் தமிழாசிரியர். இரண்டு வகைப் புள்ளிக்கும் ஆளுக்கு ஒரு வினைச்சொல் எழுதிக் கொடுங்கள் என்றாராம். யோசித்து, அடித்து, கடைசியில் பிள்ளைகள் எழுதியது: கண்டோம், கணித்தோம். இரண்டு சொல் கிடைத்ததும் இரண்டு குறியும் வந்துவிட்டது. இரண்டுமே இருக்கலாம், ஒன்று மற்றொன்றாக வேஷம் போடாத வரை. அந்த இரண்டு சொற்களையும் தரையிலேயே எழுதியிருந்தார்கள். எழுதியது அந்த நண்பனின் கையெழுத்து.

பெற்றோர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தெர்மாகோல் வெட்டிக் கொடுக்கும் கண்காட்சிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே எங்கள் கை எதிலும் இல்லை. முதல் வாரம் சாக்பீஸில் வைத்த புள்ளியை மழை கரைத்ததும், நோட்டில் இருந்த அளவைப் பார்த்து பெயின்டில் மறுபடி வைத்ததும்கூட அவர்களே. அந்த நோட்டும் மேசைமேல் இருந்தது, அட்டை கிழிந்து, ஒரு பக்கத்தில் தண்ணீர்க் கறையோடு.

விடுமுறையிலும் புதன்கிழமைகளில் மாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். வெயில் இருந்தால் 7 வளையங்கள் நிரம்பும் என்கிறான்.