செர்மாட் பனிச்சறுக்கு: நாங்கள் பட்ட பாடு

சுவிட்சர்லாந்தின் மலையூரான செர்மாட்டிலிருந்து போன வாரம்தான் திரும்பினோம். என் வலது காலின் பெருவிரல் நகம் இன்னும் கருத்தே இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில். மகளின் பள்ளிக்கு பிப்ரவரியில் ஒரு வாரம் விடுமுறை. விசா தொல்லை கிடையாது, சொந்தக் கார் உண்டு, சுவிஸ் நெடுஞ்சாலைகளுக்கான 40 பிராங்க் கட்டண வில்லையும் கண்ணாடியில் ஒட்டியாயிற்று. இனி என்ன குறை என்று சனிக்கிழமை காலை கிளம்பினோம். சனிக்கிழமை கிளம்பியதுதான் குறை. ஆல்ப்ஸ் ஊர்களில் விடுமுறை வீடுகளைச் சனி முதல் சனி வரைதான் பெரும்பாலும் வாடகைக்கு விடுகிறார்கள். அன்று பாதி ஐரோப்பா சாலையில் இருக்கிறது. காண்டர்ஸ்டெக்கில் காரை ரயிலில் ஏற்றி, லோட்ஷ்பெர்க் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கோப்பன்ஸ்டைனில் இறக்கிவிடுவார்கள். இருட்டுக்குள் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியது கால் மணி நேரம்தான். அந்தக் கால் மணி நேரத்துக்காக வரிசையில் நின்றது இரண்டேகால் மணி நேரம்.

செர்மாட்டுக்குள் பெட்ரோல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, டேஷ் கிராமத்தில் நிறுத்திவிட்டு 12 நிமிட ரயிலில் போக வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தே போனோம். மூன்று பெட்டி, ஒரு குழந்தை, ஒரு அரிசி மூட்டையோடு அதைச் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுச் சாவி தரும் அலுவலகத்தை அடைந்தபோது இரவு 7.40. கதவு பூட்டியிருந்தது. தொலைபேசியில் பதிவுக் குரல். முன்பதிவு மின்னஞ்சலைக் கைபேசி வெளிச்சத்தில் மறுபடி படித்தேன். பணம், ரத்து விதி, நாய்க்குத் தனிக் கட்டணம் எல்லாம் தாண்டிக் கடைசி வரியில் இருந்தது: 'ஆறு மணிக்கு மேல் வருபவர்கள் அன்று நண்பகலுக்குள் தெரிவிக்கவும்.' மகள் பெட்டி மேல் உட்கார்ந்து, சத்தமில்லாமல் ஊர்ந்துபோகும் மின்சார வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது வண்டியில் ஒரு அம்மையார் வந்து இறங்கினார். சாவியைக் கொடுத்தார், தாமதக் கட்டணம் 50 பிராங்க் வாங்கினார், மாலை வணக்கம் மட்டும் சொல்லவில்லை. கடைசி வரியை முதலில் படியுங்கள்.

இப்போது நகத்தின் கதை. ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகள், பூட்ஸ் எல்லாவற்றையும் இணையத்தில் முன்பதிவு செய்திருந்தோம். விலை குறைவு, அதில் குற்றமில்லை. கடைப் பையன் முதலில் தந்த பூட்ஸ் இறுக்கமாக இருந்தது. பெரியது கேட்டேன், மறுபேச்சில்லாமல் தந்துவிட்டான். நானோ குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி காலுறை வேறு போட்டிருந்தேன். இரண்டு நாள் ஒவ்வொரு சரிவிலும் கால் முன்னால் வழுக்கிப்போய் விரல் இடித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் அதே கடையில் ஒரு மூத்த பெண்மணி இருந்தார். நான் புகார் சொல்லி முடிப்பதற்குள் பூட்ஸின் உள்மெத்தையை உருவி எடுத்தார். வெறும் ஓட்டுக்குள் என் காலை விடச் சொல்லி, விரல் நுனி முன்புறம் தொட்டதும் குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களைச் செருகிப் பார்த்தார். நான்கு விரலும் தாராளமாகப் போயின. இரண்டுக்கு மேல் போகக் கூடாதாம். முதல் நாள் நான் வேண்டாமென்ற அளவையே கொண்டுவந்தார். அந்தக் கூடுதல் காலுறையைக் கழற்றி, எலி வாலைப் பிடிப்பதுபோல் இரு விரலால் தூக்கி என் கையில் கொடுத்தார். மெல்லியது, நீளமானது, ஒன்றே ஒன்று. அதுதான் காலுறைக் கணக்கு.

இன்னொன்று. வாடகைப் படிவத்தில் எடையை உள்ளபடி எழுதுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைத்து, விழும்போது கழற்றிவிடும் பைண்டிங் என்ற பிடிப்பின் இறுக்கத்தை எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றை வைத்துத்தான் திருகுகிறார்கள். நான் எழுதியது என் கல்யாண காலத்து எடை. சமதரையிலேயே இரண்டு முறை ஸ்கீ கழன்று ஓடியது.

மகளுக்கு ஸ்கீ பள்ளியில் எல்லாம் சுகம். ஸ்கீயின் முனைகளைச் சேர்த்தால் பீட்சா, நேராக வைத்தால் பொம்மெஸ், அதாவது உருளைக்கிழங்கு வறுவல். மூன்றாம் நாளே எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

பெரிய பண விரயம் லிஃப்ட் பாஸில், அதாவது மலைமேல் ஏற்றிச்செல்லும் கம்பிவட வண்டிகளுக்கான சீட்டில்தான். எல்லை தாண்டி இத்தாலியின் செர்வீனியாவுக்கும் சறுக்கிப் போகலாம் என்ற ஆசையில் ஆறு நாளுக்கும் இரு நாட்டுப் பாஸ் வாங்கினேன். மேலே 3,883 மீட்டர் வரை லிஃப்ட் போகிறது. அங்கே காற்று கிளம்பினால் எல்லையை இணைக்கும் லிஃப்டுகளை நிறுத்திவிடுகிறார்கள். நான்கு நாள் காற்று. செர்மாட் பக்கத்துப் பாஸ் மட்டும் எடுங்கள். வானம் தெளிந்த நாளில் கூடுதல் தொகை கட்டி இத்தாலியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த நான்கு நாளை நான் காப்பீட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டிக் கழித்தேன். இத்தாலியில் சறுக்குபவர், அடுத்தவருக்கு விளைவிக்கும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் சட்டம். ஜெர்மனியில் நாம் எடுத்திருக்கும் பொறுப்புக் காப்பீட்டிலேயே பெரும்பாலும் இது அடங்கும். ஆனால் கையில் சான்று வேண்டுமே. 'அப்படி ஒரு கடிதம் எங்களிடம் கிடையாது' என்றார் முதலில் பேசியவர். இரண்டாம் முறை வேறொருவர் எடுத்தார். பத்தே நிமிடத்தில் ஆங்கிலக் கடிதம் வந்து சேர்ந்தது. கிடையாது என்றால் வைத்துவிட்டு மறுபடி அழையுங்கள்.

ஐந்தாம் நாள் வழி திறந்தது. கடிதத்தை யாரும் கேட்கவில்லை. செர்மாட்டின் அடையாளமான மேட்டர்ஹார்ன் சிகரம் அந்தப் பக்கம் வேறு மலைபோல் தோள் அகன்று நிற்கிறது, காப்பியும் மலிவு. ஆனாலும் இரண்டு மணிக்கே திரும்பும் லிஃப்டில் ஏறிவிட்டோம். கடைசி லிஃப்டைத் தவறவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு, வேறொரு சுரங்கம் வழியாகப் பல மணி நேரம் டாக்சியில் வர வேண்டும். அந்த வாடகையை விசாரிக்கக்கூட எனக்குத் துணிவில்லை.

திரும்பும் சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். கோப்பன்ஸ்டைனில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு கார். சாவி அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தோம். முன்வைப்புத் தொகை இன்னும் வரவில்லை. மூன்றாவது மின்னஞ்சலை நேற்று அனுப்பியிருக்கிறேன்.