உடும்புப் பிடி

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். என் மாணவர்களில் பலர் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சம். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பல் வந்த கதை அவர்களுக்கு மனப்பாடம். தமிழ்தான் சனிக்கிழமை வகுப்போடு சரி.

2023இல் முதன்முறையாக கேஸ்9 நொதியை வைத்து டிஎன்ஏ வெட்டும் செய்முறை நடத்தினேன். டூட்னா, ஷார்பென்டியே என்ற விஞ்ஞானிகளுக்கு 2020இல் நோபல் வாங்கிக் கொடுத்த அதே கத்திரிக்கோல்தான். வெட்ட வேண்டிய இடத்தை 20 எழுத்துள்ள வழிகாட்டி ஆர்என்ஏ சொல்லும். பக்கத்தில் ஜி என்ற டிஎன்ஏ எழுத்து இரண்டு இருந்தால்தான் கேஸ்9 வாய் வைக்கும். எங்கள் டிஎன்ஏ துண்டின் நீளம் 2,000 எழுத்து இணை. வெட்டினால், கரண்ட் விட்டுத் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 1,300, 700 என இரண்டு பட்டைகள் தெரிய வேண்டும்.

அன்று பன்னிரண்டு மணிக்கு லோட் ஷெடிங். கரண்ட் போனால் ஜெல் பாதியில் நின்றுவிடும். அந்த அவசரத்தில், 37 டிகிரியில் வைத்து எடுத்ததும், புரதத்தைத் தின்னும் புரோட்டினேஸ் கே நொதியைச் சேர்த்துப் பத்து நிமிடம் காத்திருக்கும் படியைத் தாண்டிவிட்டேன். பழைய ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகளோடு பழகிய கை. அவை டிஎன்ஏவை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போய்விடும்.

நீல விளக்கில் பார்த்தால் பட்டையே இல்லை. மேலே, குழிக்குப் பக்கத்தில் ஏதோ இழுத்துத் தேய்த்த மாதிரி ஒரு தடம்.

"வெட்டவே இல்லையா சார்?" என்றாள் ஒரு மாணவி. பாட்டியிடம் வளர்ந்த பெண், தமிழில்தான் கேட்டாள்.

ஆர்என்ஏ கெட்டிருக்கும், யாராவது கையுறை இல்லாமல் குழாயைத் தொட்டிருப்பீர்கள் என்று பிள்ளைகள் மேல் பழியைப் போட்டேன். அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. மதியம் இருட்டு அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. கேஸ்9 வெட்டியிருக்கிறது, ஆனால் விடவில்லை. வெட்டிய முனைகளை அப்படியே கவ்விக்கொண்டிருக்கும். ஒரு கேஸ்9 ஒரு துண்டோடு நின்றுவிடும் என்பதால்தான் டிஎன்ஏவைப் போல் பத்து மடங்கு நொதி போடச் சொல்கிறார்கள். அவ்வளவு புரதத்தையும் சுமந்துகொண்டு டிஎன்ஏ ஜெல்லில் எங்கே ஓடும்?

நல்ல வேளை, குழாய்களில் மீதி இருந்தது. மறுநாள் புரோட்டினேஸ் கே ஒரு மைக்ரோலிட்டர், பத்து நிமிடம், மறுபடி ஜெல். இரண்டு பட்டைகளும் பளிச்சென்று வந்தன. முதலில் மன்னிப்புக் கேட்டேன், அப்புறம் விளக்கினேன்: "உடும்புப் பிடி என்பார்களே, அதுதான்."

"உடும்புன்னா?"

படம் வரைந்தேன். வகுப்பே சிரித்தது. "லெகவான், சார்!" சிலருடைய வீட்டுக் கொல்லைக்கே வருமாம்.

இந்த வருடத்துச் செய்முறைத் தாளில் புரோட்டினேஸ் கே வரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லெகவான் இருக்கிறது. வரைந்தது அந்தப் பெண். வால் கொஞ்சம் நீளம்.