மீசாலை முற்றத்தில் பாஸ்கா இரவு

யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியில் சமய பாடத்தில் உயிர்ப்பைப் பற்றி நிறையவே படித்தோம். வெறுமையான கல்லறை, எம்மாவுஸ் வழி, தோமாவின் சந்தேகம் எல்லாம் சோதனைக்கு எழுதத் தெரியும். ஆனால் உயிர்த்த ஞாயிறு எனக்குள் இறங்கியது வீட்டாராலும் ஊராராலும்தான்.

தவக்காலம் வந்தால் எங்கள் கரையோர ஊரான குருநகரில் இரவு நேரங்களில், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் படிப்பார்கள். 1705 இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி தமிழில் எழுதியது அது. அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனாலும் படிப்பவருக்கு முன்பே அவருடைய வாய் அடுத்த வரிக்கு அசையும். பெரிய வியாழனோடு கோவில் மணி ஓய்ந்துவிடும், மரக்கட்டைதான் தட்டுவார்கள். பெரிய வெள்ளியன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை, வள்ளமெல்லாம் கரையில்தான். மரிய சேவியர் அடிகளார் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் நாடகத்துக்கும் அப்பா எங்களைக் கூட்டிப்போவார். மேடையிலும் சனத்திலும் சைவர்கள் இருந்தார்கள். சிலுவை சுமக்கும் காட்சியில் எனக்குப் பக்கத்தில் விம்மி அழுத ஐயாவின் நெற்றியில் திருநீறு இருந்தது.

1995 ஒக்டோபர் 30 இரவு எல்லாம் குலைந்தது. போரால் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த இரவு அது. மழைக்குள் செம்மணி, நாவற்குழி தாண்டிப் போய், மீசாலையில் ஒரு சைவக் குடும்பத்தின் தென்னங்காணியில் கொட்டில் போட்டுக்கொண்டோம். எங்களைப்போல் இன்னும் சில குடும்பங்களும் அங்கே இருந்தன. தை மாதம் அம்மம்மா அந்தக் கொட்டிலிலேயே கண்ணை மூடினார். அதற்குப் பிறகு அம்மா சமைப்பார், தண்ணி அள்ளுவார், கேட்டால் பதில் சொல்வார். அவ்வளவுதான்.

அடுத்த ஏப்ரல் 7 உயிர்த்த ஞாயிறு. முதல்நாள் பொழுதுபட, ஃபாதர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பன்னாடையும் கொக்கறையும் குவித்துப் புது நெருப்பு மூட்டினோம். எல்லாருக்கும் கொடுக்க மெழுகுதிரிக்கு எங்கே போவது? 1990 இல் மின்சாரம் நின்றதிலிருந்து எங்களுக்குத் தெரிந்த வெளிச்சம் ஜாம் போத்தல் விளக்குத்தான். போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், ஒரு திரி. அதுவும் சில வீட்டாரிடம் இல்லை. காணிக்கார ஆச்சி தன் சாமி விளக்குக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து, சிரட்டைகளில் ஊற்றித் திரி போட்டுத் தந்தார். "இதையும் ஏத்துங்கோ தம்பி, உங்கட சாமி எழும்புற நாளெல்லோ" என்றார்.

"கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று ஃபாதர் பாட, விளக்குக்கு விளக்காக முற்றம் முழுக்கச் சுடர் பரவியது. அப்புறம் 'உன்னதங்களிலே' கீதம் வந்தது. வியாழனோடு ஓய்ந்த மணி அந்த இடத்தில்தான் திரும்ப ஒலிக்க வேண்டும். எங்களிடம் ஏது மணி? பெடியங்கள் நாங்கள் ஓடிப்போய், வேலியோடு சாத்தியிருந்த சைக்கிள்களின் மணியையெல்லாம் அடித்தோம். பாட்டு முடிந்தும் விடவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார், கண்ணில் தண்ணீர் ஓட. இறந்தவர் எழுந்தார் என்பதை நான் மனதார நம்பியது அந்தக் கணத்திலிருந்துதான்.

அம்மம்மா அடக்கம்பண்ணப்பட்ட மண் அங்கேயே இருக்க, நாங்கள் யாழ்ப்பாணம் திரும்பினோம். பிறகு கனடா.

2019 ஏப்ரலில், ரொறன்ரோவில் சனிக்கிழமை இரவுத் திருவிழிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. அங்கே ஞாயிறு காலை. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் என்று, குண்டு வெடித்த கோவில்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சீயோனில் இறந்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். அந்த இரவு தூங்கவில்லை.

விடிந்ததும் கதவைத் தட்டியவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்த நண்பன், சைவப் பிள்ளை. மனைவியோடு வந்திருந்தான், கையில் இடியப்பமும் சொதியும். "சமைக்க மனமிருந்திருக்காது" என்றாள் அவள். என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். சாப்பிட்டுவிட்டு இரண்டு வீட்டாருமாகப் பூசைக்குப் போனோம். அன்றிலிருந்து உயிர்த்த ஞாயிறுச் சாப்பாடு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். இந்த வருடம் எங்கள் வகுப்பில் இன்னும் சிலர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.